ஆறாத தோல் தடிப்பு: எப்போது சந்தேகப்பட வேண்டும்?
தோலில் வரும் லிம்போமா பற்றி ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டியவை



நம் வீடுகளில் தோல் நோய் இல்லாத வீடு கிடையாது. மதுரையின் வெயிலும் வேர்வையும் அப்படி. இடுப்பில் படர்தாமரை, கழுத்தில் வேர்க்குரு, பிள்ளைகளின் கன்னத்தில் தேமல், பெரியவர்களின் காலில் கரப்பான் என்று ஏதாவது ஒன்று இருக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். அதனால்தான் தோலில் ஏதாவது தெரிந்தால் நாம் பதறுவதில்லை. மெடிக்கல் கடையில் ஒரு ட்யூப் வாங்கித் தடவிவிட்டு வேலையைப் பார்க்கிறோம்.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் மேலாக இதனால் கெடுதல் இல்லை. ஆனால் ஏதோ ஒருவருக்கு, ஆண்டுக்கணக்கில் ஆறாமல் வந்து வந்து போகும் ஒரு தடிப்பு, தோலில் உண்டாகும் லிம்போமா என்ற அபூர்வமான புற்றுநோயாக இருக்கலாம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் இது எளிதில் அடங்கக்கூடிய நோய். விட்டுவிட்டால் அப்படி இல்லை. இந்த இரண்டுக்கும் இடையில் நிற்பது பல நேரங்களில் ஒரு சின்னப் பரிசோதனைதான். அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

லிம்போமா என்றால் என்ன?

நம் இரத்தத்தில் சிவப்பு அணுக்களும் வெள்ளை அணுக்களும் உள்ளன. வெள்ளை அணுக்களில் ஒரு வகை லிம்போசைட் எனப்படும் நிணநீர் அணு. கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்ப்பது இதன் வேலை. இந்த அணுக்களில் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து, தன்னைப் போலவே நகல்களைப் பெருக்கிக்கொண்டே போனால் அதுதான் லிம்போமா.

பொதுவாக லிம்போமா என்றதும் கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டுவதுதான் நினைவுக்கு வரும். ஆனால் நிணநீர் அணுக்கள் நெறிகளில் மட்டும் இருப்பதில்லை. உடம்பின் வெளிச்சுவரான தோலிலும் அவை எப்போதும் காவல் சுற்றுகின்றன. அப்படிச் சுற்றும் அணுக்களிலேயே நோய் தொடங்கினால், முதலில் தெரியும் இடம் தோல்தான். ஆகவே இது தோல் அணுக்களில் உண்டாகும் புற்றுநோய் அல்ல. தோலில் குடியிருக்கும் வெள்ளை அணுக்களின் நோய். வெயிலால் வரும் தோல் புற்றுநோயோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இதில் பல வகைகள் உண்டு. அவற்றில் அதிகம் காணப்படுவது மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற வகை. தோலில் தொடங்கும் லிம்போமாக்களில் ஏறத்தாழ பாதி இதுதான். 1806-இல் பாரிஸ் நகர மருத்துவர் அலிபெர் இதை முதலில் விவரித்தார். அவர் பார்த்த நோயாளிக்கு நோய் முற்றி, உடம்பில் காளான் போன்ற கட்டிகள் முளைத்திருந்தன. அதனால் காளானைக் குறிக்கும் பெயரை வைத்தார். பெயர்தான் அப்படி, காளானுக்கும் பூஞ்சைக் கிருமிக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை. மருத்துவச் சீட்டில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, படர்தாமரை போல ஒரு பூஞ்சை நோய் என்று எண்ணி அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

எப்படித் தொடங்கும்?

மெதுவாக. மிக மெதுவாக. இதுதான் இந்த நோயின் சூட்சுமம்.

முதலில் தட்டையான திட்டுகள் தோன்றும். மேலே லேசாகச் செதில் இருக்கும். தோல் சுருங்கி, சிகரெட் தாள் போல மெலிந்து தெரியலாம். அரிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வெயில் படாத இடங்களே இதற்குப் பிடித்தவை: பிட்டம், இடுப்பு, அடிவயிறு, தொடையின் மேற்பகுதி, மார்பகம், அக்குள் ஓரம். சில ஆண்டுகள் கழித்து அந்தத் திட்டுகளில் சில தடித்து மேடாகலாம். சிலருக்கு அதற்கும் பிறகு கட்டிகளாக எழும்பிப் புண்ணாகலாம். எல்லோருக்கும் இந்த மூன்று படிகளும் வருவதில்லை. பலர் வாழ்நாள் முழுவதும் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

வெள்ளைக்காரர்களின் படங்களைப் போட்ட புத்தகங்களில் 'சிவந்த திட்டு' என்று எழுதியிருக்கும். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு தெரியாது. கருமையாகவோ, சாம்பல் கலந்த பழுப்பாகவோ தெரியும். இன்னொரு வகையும் உண்டு. திட்டுகள் சுற்றியுள்ள தோலைவிட வெளுத்து, தேமல் போலவே இருக்கும். இந்த வெளிர் வகை மாநிற, கருநிற மக்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. சிறுவர்களுக்கும் இளவயதினருக்கும் வருவது பெரும்பாலும் இதுவே. நல்ல செய்தி என்னவென்றால், இந்த வகை பொதுவாகச் சாதுவானது. ஒளி சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும்.

பொதுவாக இந்நோய் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கே அதிகம் வருகிறது. பெண்களைவிட ஆண்களிடம் கூடுதல். ஆனால் எந்த வயதிலும் வரலாம்.

எதோடெல்லாம் குழம்பும்?

கரப்பான், சொரியாசிஸ், படர்தாமரை, தேமல், வெண்புள்ளி, தொழுநோய் என இத்தனை நோய்களின் வேடத்திலும் இது வரும். அனுபவமுள்ள தோல் மருத்துவருக்கே முதல் பார்வையில் பிடிபடாமல் போகலாம். ஆரம்ப நிலை நோயாளிகளைப் பற்றிப் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வில், முதல் திட்டு தோன்றியதிலிருந்து நோய் இன்னது என்று உறுதியாவதற்கு நடுவளவில் 36 மாதங்கள், அதாவது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வசதி மிக்க நாடுகளின் நிலையே இது.

சில வேறுபாடுகளை நாமே கவனிக்கலாம்.

படர்தாமரை வளையம் போல ஓரம் சிவந்து பரவும். வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றும். முறையான பூஞ்சை மருந்தைச் சொன்ன காலம் வரை போட்டால் ஆறும். லிம்போமா திட்டு யாருக்கும் தொற்றாது. பூஞ்சை மருந்துக்கு ஆறாது.

தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறையும். பஞ்சால் தொட்டாலோ சூடு பட்டாலோ தெரியாது. லிம்போமாவின் வெளிர் திட்டில் பொதுவாக உணர்ச்சி அப்படியே இருக்கும். உணர்ச்சியற்ற திட்டு இருந்தாலும் அஞ்ச வேண்டாம். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், முழுமையாகக் குணமாகும்.

வெண்புள்ளி பால் போல வெளுத்து, எல்லை தெளிவாக இருக்கும், செதில் இருக்காது. லிம்போமாவின் வெளிர் திட்டு மங்கலான வெளுப்பு, எல்லை கலைந்திருக்கும், லேசான செதில் இருக்கலாம்.

கரப்பான் சிறுவயதிலிருந்தே தொடரலாம். மருந்து போட்டால் நன்கு அடங்கும். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக, அதுவும் மறைவிடங்களில் தொடங்கி, மருந்தை நிறுத்தியதும் அதே இடத்தில் திரும்ப வரும் 'கரப்பான்' என்றால் ஒருமுறை சந்தேகப்படுவது நல்லது.

இவை மருத்துவரிடம் போகத் தூண்டும் குறிப்புகள் மட்டுமே. கண்ணால் பார்த்து முடிவு கட்ட யாராலும் முடியாது.

ட்யூப் செய்யும் தீங்கு

மெடிக்கல் கடையில் 'அரிப்புக்கு ஒன்று கொடுங்கள்' என்று கேட்டால் பல நேரம் கிடைப்பது ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூன்றும் கலந்த களிம்பு. இரண்டே நாளில் அரிப்பு நிற்கும். அதனால் அதன்மேல் நம்பிக்கை பிறக்கிறது. நிறுத்தியதும் திரும்ப வரும். மறுபடி ஒரு ட்யூப். படர்தாமரை இருந்தால் இந்தக் களிம்பு அதை உருமாற்றி, அடங்காத நோயாக்கும். லிம்போமாவாக இருந்தால் ஸ்டீராய்டு அதை அமுக்கி வைக்கும். ஆனால் முழுவதும் அழிக்காது. பரிசோதனைக்குத் தோலை எடுக்கும்போது கெட்ட அணுக்கள் குறைந்திருக்கும். அறிக்கை 'சாதாரண அழற்சி' என்று வந்துவிடும். இப்படித்தான் ஆண்டுகள் ஓடுகின்றன.

இந்தத் தீங்கை உணர்ந்தே 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. அதைக் கடைப்பிடிக்க வேண்டியது கடைக்காரர் மட்டுமல்ல, கேட்டு வாங்கும் நாமும்தான்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் நடக்கிறது. தீராத கரப்பான் என்றே முடிவு செய்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளைத் தொடங்குவது. அவற்றில் ஒன்றான சைக்ளோஸ்போரின், உள்ளே இருப்பது லிம்போமா என்றால் அதை வேகப்படுத்தக்கூடும். நீண்ட நாள் ஆறாத தடிப்புக்கு இத்தகைய மாத்திரை எழுதினால், "டாக்டர், இதற்கு முன் ஒரு பயாப்ஸி பார்த்துவிடலாமா?" என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

பயாப்ஸி: பயப்பட ஒன்றுமில்லை

பயாப்ஸி என்றால் தோலில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிப்பது. அந்த இடத்தை மட்டும் மரக்கவைக்க ஊசி போட்டு, 4 முதல் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டக் கத்தியால் ஒரு துணுக்கு எடுப்பார்கள். ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். அன்றே வீடு திரும்பலாம். 'கத்தி பட்டால் கேன்சர் பரவிவிடும்' என்ற பேச்சில் உண்மையில்லை.

பரிசோதனை பயன்தர மூன்று விஷயங்கள் முக்கியம். ஒன்று, மருத்துவரின் சொல்படி இரண்டு முதல் நான்கு வாரம் வரை ஸ்டீராய்டு களிம்பை அந்த இடத்தில் தடவாமல் இருக்க வேண்டும். இரண்டு, ஒரே இடத்தில் எடுக்காமல் இரண்டு மூன்று திட்டுகளிலிருந்து எடுப்பது நல்லது. மூன்று, முதல் அறிக்கையில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. திட்டு தொடர்ந்தால் சில மாதம் கழித்து மீண்டும் எடுக்கச் சொல்வார்கள். இது மருத்துவரின் தடுமாற்றம் அல்ல. நோயின் இயல்பே அப்படி.

எடுத்த துணுக்கை மெழுகுக் கட்டியில் பதித்து, மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். நிணநீர் அணுக்கள் தோலின் மேலடுக்குக்குள் ஏறி வரிசை கட்டி நிற்கின்றனவா என்று தேடுவார்கள். அடுத்து, அணுக்களின் மேலுள்ள அடையாளங்களைச் சிறப்புச் சாயங்களால் பார்ப்பார்கள். அறிக்கையில் சிடி 3, சிடி 4, சிடி 8, சிடி 7, சிடி 20, சிடி 30 என்று எழுதியிருப்பது இவைதான். இருக்க வேண்டிய அடையாளம் காணாமல் போயிருந்தால் அது ஒரு துப்பு.

இன்னும் சந்தேகம் இருந்தால் மரபணுச் சோதனை. மனிதனுக்குக் கைரேகை போல ஒவ்வொரு டி வகை அணுவுக்கும் தனி முத்திரை உண்டு. சாதாரண அழற்சியில் பல முத்திரைகள் கலந்திருக்கும். லிம்போமாவில் பெரும்பாலான அணுக்கள் ஒரே முத்திரையோடு இருக்கும். ஆனால் சில சாதாரண நோய்களிலும் இப்படித் தெரியலாம். அதனால் எந்த ஒரு சோதனையையும் மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. கண்ணால் பார்த்தது, உருப்பெருக்கியில் பார்த்தது, மரபணு காட்டியது ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்தே தீர்மானிப்பார்கள்.

ஒரு யோசனை: பயாப்ஸி முடிந்ததும் அறிக்கையை மட்டும் வாங்கி வராதீர்கள். வேறு மருத்துவமனைக்குப் போக வேண்டி வந்தால் அந்த மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடுகளும் தேவைப்படும். எழுதிக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம். மறுபடி தோலை எடுக்கும் வேதனையும் செலவும் மிச்சமாகும்.

எந்த நிலை என்பது ஏன் முக்கியம்?

நோய் உறுதியானதும் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்ப்பார்கள். இதற்கு எளிய அளவுகோல் நம் உள்ளங்கையே. விரல்களோடு சேர்த்த உள்ளங்கை, உடம்பின் தோல் பரப்பில் சுமார் 1 சதவீதம். திட்டுகள் எல்லாம் சேர்ந்து பத்து உள்ளங்கைக்குள் அடங்கினால் அது முதல் நிலையின் தொடக்கம். அதைவிட அதிகமென்றால் அடுத்த படி. 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகள் இருந்தாலோ, உடம்பு முழுவதும் சிவந்து உரிந்தாலோ, நெறிகளிலும் இரத்தத்திலும் நோய் அணுக்கள் காணப்பட்டாலோ முற்றிய நிலை. உடம்பெல்லாம் சிவந்து, நெறி கட்டி, இரத்தத்திலும் நோய் அணுக்கள் மிகுந்திருக்கும் வகையைப் பிரெஞ்சு மருத்துவர் ஒருவரின் பெயரால் செசாரி நோய் என்பார்கள்.

தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இரத்தச் சோதனையும் நெறிகளைத் தொட்டுப் பார்ப்பதுமே பெரும்பாலும் போதும். நிலை கூடினால்தான் சிடி ஸ்கேன், பெட் ஸ்கேன், நெறிப் பயாப்ஸி எல்லாம்.

எல்லோரும் மனதில் வைக்க வேண்டிய உண்மை இது: பத்து உள்ளங்கைக்குள் அடங்கும் திட்டுகளோடு நோயைக் கண்டுகொண்டவர்களின் ஆயுள், அதே வயதுள்ள மற்றவர்களின் ஆயுளிலிருந்து வேறுபடுவதில்லை என்று நீண்டகால ஆய்வுகள் காட்டியுள்ளன. 'கேன்சர்' என்ற சொல்லைக் கேட்டதும் வீடே இழவு வீடாக மாற வேண்டியதில்லை. ஆனால் கட்டி எழும்பிய நிலையிலோ நெறிக்குப் பரவிய நிலையிலோ வருபவர்களுக்கு இந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. அங்கே நோய் உயிருக்கே ஆபத்தாகலாம். காலம் தாழ்த்தாதீர்கள் என்று நாம் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

சிகிச்சை: களிம்பிலிருந்து கதிர்வீச்சு வரை

இந்த நோயை வேரோடு அழிப்பது கடினம். ஆனால் அடக்கி வைக்க முடியும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போல, அடங்கியிருக்கும் காலம், திரும்பும் காலம் என்று பழகிக்கொள்ள வேண்டும்.

தொடக்க நிலையில் சிகிச்சை தோலுக்கு மட்டுமே. வீரியமுள்ள ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் கண்காணிப்பில், சொன்ன அளவில், சொன்ன காலத்துக்குத் தடவச் சொல்வார்கள். கடையில் நாமே வாங்கித் தடவும் அதே வகை மருந்துதானே என்று கேட்கலாம். நோய் இன்னதென்று தெரிந்து, அளவோடு தடவுவது வேறு. தெரியாமல் மூடி மறைப்பது வேறு.

அடுத்தது ஒளி சிகிச்சை. குறுகிய அலைவரிசைப் புற ஊதாக் கதிர் வரும் பெட்டிக்குள் நின்று, வாரம் இரண்டு அல்லது மூன்று முறை சில நிமிடங்கள் உடம்பில் படவைப்பது. பல மாதங்கள் தொடர வேண்டும். மெல்லிய திட்டுகளுக்கு இது மிக நன்றாக வேலை செய்கிறது. மாத்திரை தேவையில்லை. தடித்த திட்டுகளுக்கு 'பூவா' என்ற முறை. சோரலென் மாத்திரை சாப்பிட்டு, சுமார் இரண்டு மணி நேரம் கழித்து வேறு வகைப் புற ஊதாக் கதிரில் நிற்க வேண்டும். அன்று முழுவதும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, மதுரை வெயிலிலிருந்து தப்பி இருக்க வேண்டும்.

இந்தச் சோரலெனுக்குச் சுவையான வரலாறு உண்டு. நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போகரிசியில் இருப்பது இந்தப் பொருள்தான். வெண்புள்ளிக்கு அதைப் பூசி வெயிலில் நிற்கச் செய்யும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. எகிப்திலும் வட ஆப்பிரிக்காவிலும் இதே பொருள் அடங்கிய வேறொரு செடியின் விதை பயன்பட்டது. ஸ்பெயினின் மாலகாவில் பிறந்து 1248-இல் டமாஸ்கஸில் மறைந்த மூலிகை அறிஞர் இப்னு அல்பைத்தார் தம் மருந்து நூலில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். 1940-களில் கெய்ரோவின் மருத்துவர் அல்முஃப்தி அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளை வெண்புள்ளிக்குப் பயன்படுத்தி ஆராய்ந்தார். 1970-களில் அது சொரியாசிஸுக்கும், பிறகு 1976-இல் இந்த லிம்போமாவுக்கும் வந்து சேர்ந்தது. முன்னோர் கண்டது உண்மைதான். ஆனால் அளவு தெரியாமல் நாமே கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளமாகிவிடும். மருத்துவமனையில் கதிரின் அளவைக் கணக்கிட்டே கொடுக்கிறார்கள்.

மூன்றாவது கதிர்வீச்சு. நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்பார்களே, அதுதான். இந்த லிம்போமா கதிருக்கு எளிதில் பணியும். ஒன்றிரண்டு கட்டிகள் மட்டும் இருந்தால் இரண்டே தவணையில்கூட அடக்க முடிகிறது. உடம்பு முழுவதும் தடிப்பு இருந்தால் எலக்ட்ரான் கதிரைத் தோல் முழுவதற்கும் கொடுக்கும் முறை உண்டு. அந்தக் கதிர் தோலின் ஆழத்தோடு நின்றுவிடும், உள்ளுறுப்புகளைத் தொடாது. இதற்குத் தனி ஏற்பாடு தேவை. பெரிய மையங்கள் சிலவற்றில் மட்டுமே செய்கிறார்கள்.

இவற்றுக்கு அடங்காதபோதுதான் உள்மருந்துகள். வாரம் ஒரு முறை சிறு அளவில் மெத்தோட்ரெக்சேட், இன்டர்ஃபெரான் ஊசி, இன்னும் முற்றினால் கீமோ மருந்துகள். நோய் அணுவை மட்டும் குறிவைக்கும் பிரென்டக்ஸிமாப், மொகாமுலிசுமாப் போன்ற புதிய ஊசிகளும் வந்துள்ளன; விலை மிக அதிகம். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மருந்து என்பதை வீட்டில் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

ஆரம்பத்திலேயே கடுமையான கீமோ கொடுத்து நோயை ஒரேயடியாக ஒழித்துவிடலாமே என்று பலர் கேட்பார்கள். அமெரிக்காவில் 103 நோயாளிகளைக் கொண்டு இதைச் சோதித்து 1989-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்குக் கீமோவும் தோல் முழுவதற்கான கதிரும். மறு பாதிக்குத் தோலுக்கான மென்மையான சிகிச்சையில் தொடங்கி, தேவைக்கேற்பப் படிப்படியாகக் கூட்டியது. கடும் சிகிச்சை பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. பக்க விளைவுகளால் அவதிப்பட்டதுதான் மிச்சம். ஆகவே தொடக்க நிலை நோய்க்கு நகையை விற்றுக் கடும் கீமோவுக்கு ஓட வேண்டாம். யாராவது அப்படிச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

வேறு சில வகைகள்

எல்லாத் தோல் லிம்போமாவும் இப்படி மெதுவாக நடப்பதில்லை. சிலருக்குச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் தோன்றி, புண்ணாகி, சில வாரங்களில் தாமே ஆறி, மறுபடி வரும். உருப்பெருக்கியில் பயமுறுத்தினாலும் இது பெரும்பாலும் சாதுவானது. ஆனால் கண்காணிப்பு வேண்டும். இன்னொரு வகையில் தொடை, கை, வயிற்றுத் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பில் வலிக்கும் முடிச்சுகள் தோன்றி, காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்து வரும். காசநோய் என்றோ மூட்டுவாத நோய் என்றோ எண்ணி நாள்கள் கழியலாம். இதற்கு ஆழமான துணுக்கு எடுக்க வேண்டும். பி வகை அணுக்களில் தோன்றுபவையும் உண்டு. முதுகிலோ தலையிலோ முகத்திலோ வழவழப்பான முடிச்சாக வரும். பலவற்றைக் கதிராலேயே அடக்கலாம். முதியவர்களின் காலில் வேகமாக வளரும் கட்டி மட்டும் அவசரம்.

மதுரையில் எங்கே போவது?

முதலில் தோல் மருத்துவர். தனியார் மருத்துவரிடம் போக வசதியில்லாதவர்கள், கோரிப்பாளையம் பக்கம் பனகல் சாலையில் உள்ள அரசு இராஜாஜி மருத்துவமனையின் தோல் நோய்ப் புறநோயாளிகள் பிரிவுக்குக் காலையில் போகலாம். இது 1954-இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. தோல் மருத்துவர், திசு ஆய்வு மருத்துவர், புற்றுநோய் மருத்துவர் மூவரும் ஒரே குடையின்கீழ் இருப்பது இந்த நோய்க்கு மிகவும் அவசியம். இதே மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்கபுரத்தில் இயங்குகிறது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கத்து மக்கள் முதலில் தங்கள் அரசு மருத்துவமனையில் காட்டி, கடிதம் வாங்கி வந்தால் வேலை எளிது.

இன்னும் சிறப்பான சோதனையோ சிகிச்சையோ தேவைப்பட்டால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களுக்கு அனுப்புவார்கள்.

செலவைப் பற்றி: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். எல்லாச் சிகிச்சையும் எல்லா மருந்தும் அதில் அடங்காது. சிகிச்சை தொடங்குமுன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். நோய் வந்தபின் அட்டைக்கு அலைவதைவிட இப்போதே எடுத்து வைப்பது நல்லது. பொதுவான சந்தேகங்களுக்கு 104 என்ற அரசு எண்ணில் பேசலாம்.

குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

இது ஒட்டுமா? ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம், பிள்ளைகளைக் கொஞ்சலாம். துணியைத் தனியாகப் பிரிக்க வேண்டாம்.

பரம்பரையாக வருமா? பொதுவாக இல்லை. ஒரு வீட்டில் அத்தாவுக்கு வந்ததால் பிள்ளைகளுக்கு வரும் என்று அஞ்ச வேண்டாம். இதைச் சொல்லி அந்த வீட்டுப் பெண்ணின் வரனைத் தட்டிவிடுவது அறியாமை, பெரும் அநீதியும்கூட.

பெண்களுக்கு மறைவிடத்தில் இருந்தால்? இந்த நோய் தொடங்குவதே பெரும்பாலும் மறைவிடங்களில்தான். வெட்கத்தால் கணவரிடம்கூடச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் மறைத்துவிடுகிறார்கள். பெண் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கூட ஒரு பெண்ணை அழைத்துச் செல்லலாம். ஆனால் காட்டாமல் இருந்துவிடாதீர்கள். முகத்தையும் கையையும் மட்டும் காட்டிவிட்டு வந்தால் மருத்துவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

கர்ப்பமாக இருந்தால்? மெத்தோட்ரெக்சேட் கருவுக்குக் கேடு; சோரலென் மாத்திரையும் தவிர்க்கப்படும். கர்ப்பமோ அதற்கான விருப்பமோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரை இல்லாத ஒளி சிகிச்சை போன்ற வழிகள் உண்டு.

ரமளான் நோன்பில்? பூவா சிகிச்சையில் பகலில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். மாத்திரை இல்லாத ஒளி சிகிச்சைக்கு அந்தச் சிக்கல் இல்லை. ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசி நேரத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், நோயாளிக்கு மார்க்கத்தில் உள்ள சலுகையை ஆலிம்களிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். நாமாக மருந்தை நிறுத்தக் கூடாது.

அரிப்புக்கு வீட்டில் என்ன செய்யலாம்? வெந்நீரும் காரமான சோப்பும் வேண்டாம். குளித்ததும், ஒளு செய்ததும், ஈரம் முழுவதும் காயுமுன் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். தளர்வான பருத்தி உடை நல்லது. நகத்தை வெட்டி வையுங்கள். புண்ணில் சீழ், சுற்றிலும் சூடு, காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இந்த நோயில் கிருமித் தொற்று நோயைப் போலவே ஆபத்தானது.

நாட்டு மருந்து சாப்பிடலாமா? மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பெயர் தெரியாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சோதனையும் சிகிச்சையும் குழம்பிவிடும்.

நாம் செய்ய வேண்டியது

இந்த வாரமே வீட்டில் உள்ள பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: உடம்பில் ஆறு மாதத்துக்கு மேல் ஆறாத திட்டு ஏதும் இருக்கிறதா? களிம்பை நிறுத்தினால் அதே இடத்தில் திரும்புகிறதா? மறைவிடத்தில் இருப்பதால் சொல்லாமல் இருக்கிறீர்களா? ஒன்றுக்காவது 'ஆம்' என்றால் கைபேசியில் தேதியோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, பழைய ட்யூப்களையும் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டுத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பெரும்பாலும் 'சாதாரணக் கரப்பான்தான்' என்று சொல்லி அனுப்புவார். நிம்மதியாகத் திரும்பலாம்.

அப்படி இல்லாமல் வேறு பதில் வந்தாலும், தொடக்கத்திலேயே வந்துவிட்டீர்கள் என்பதே பாதிச் சிகிச்சை. பயணச் செலவுக்கோ, காப்பீட்டு அட்டை எடுக்கவோ, கூட வர ஆள் இல்லையென்றாலோ தயங்காமல் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள். இயன்ற உதவியைச் செய்வோம். நோயைத் தந்தவன் மருந்தையும் தந்திருக்கிறான் என்று நம்புபவர்கள் நாம். அந்த மருந்தைத் தேடிப் போவதும் நம் கடமையே. அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல ஆரோக்கியத்தைத் தருவானாக.